வரிசையில் வந்த மகள்

வேதியியல் வாத்தியாருக்கு அந்தப் பள்ளியில் இன்னொரு பொறுப்பும் உண்டு. மேல் வகுப்புப் பிள்ளைகள் அடுத்து என்ன படிக்கலாம், எந்த வேலைக்குப் போகலாம் என்று வழிகாட்டுவது. தலைமையாசிரியை அவர் தலையில் கட்டிய வேலைதான். ஆனாலும் போகப்போக அவருக்கு அதில் ருசி தட்டிவிட்டது. கிழிந்த வலைகளும் காற்றிறங்கிய பந்துகளும் கிடந்த விளையாட்டுச் சாமான் அறையை ஒழித்து, எதிரெதிரே நாற்காலி போட்டுக்கொண்டார். வியாழக்கிழமை மதியம் வாசலில் பிள்ளைகள் வரிசை கட்டுவார்கள். எந்த வேலையும் மட்டமில்லை என்று வாய் ஓயாமல் சொல்வார். அப்படிச் சொல்லித்தான், பைக் மெக்கானிக் ஆக ஆசைப்பட்ட ஒரு மாணவியின் அப்பாவை வரவழைத்து, விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

ஒரு வியாழக்கிழமை, வரிசையில் வந்து அவர் எதிரே உட்கார்ந்தது அவருடைய சொந்த மகள். அங்கேயே பன்னிரண்டாம் வகுப்பு படிப்பவள். இதை வீட்டிலேயே கேட்கக் கூடாதா என்று அவர் சிரித்தார்.

"வீட்ல நீங்க பேசுவீங்கப்பா. இங்கதான் கேப்பீங்க."

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை கற்றுக்கொள்ள வேண்டும். அவர்கள் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுபோகும் போதெல்லாம் மெக்கானிக்கின் பின்னாலேயே அவள் சுற்றியதை அவரும் பார்த்திருக்கிறார். ஏதோ விளையாட்டுப் புத்தி என்று விட்டிருந்தார். ஆசிரியர் அறைப் பேச்சிலோ மகளை டாக்டராகவே ஆக்கி வைத்திருந்தார்.

"ஸ்பேனர் பிடிக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்? நாலு பேர் முன்னாடி நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறது?"

குரல் கதவைத் தாண்டிப் போனது. மகளின் பார்வை வாசல் பக்கம் திரும்பியது. அவரும் திரும்பினார். அடுத்து உள்ளே வர வேண்டியவளாக, அந்த மெக்கானிக் மாணவி நின்றிருந்தாள். ஒரு கணம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். பிறகு வரிசையை விட்டு நடந்தாள். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

வாத்தியாருக்கு உடம்பெல்லாம் கூசியது. மறுநாள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அந்த மாணவியைத் தேடிப் பிடித்தார்.

"உனக்கு ஒண்ணு சொன்னேன், என் பொண்ணுக்கு வேற சொன்னேன். தப்பு எம்மேலதாம்மா."

"பரவால்ல சார்" என்றாள். சைக்கிளைத் தள்ளியவள் சற்று நின்றாள். "அப்போ, அவளை அனுப்புவீங்களா சார்?"

பார்க்கலாம் என்று முனகினார். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அந்தத் தலையாட்டல் செருப்பால் அடித்தது போலிருந்தது.

அந்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போனார். அங்கே பட்டறையின் கிரீஸ் வாசனையில் மகளின் முகம் மலர்ந்தது. கழற்றி வைத்திருந்த மோட்டாரைக் குனிந்து குனிந்து பார்த்தாள். திரும்பும்போது வாசலில் பழைய சக ஆசிரியர் ஒருவர் எதிர்ப்பட்டு, என்ன இந்தப் பக்கம் என்று கேட்டார்.

"சும்மா, ஒரு தெரிஞ்சவரைப் பாக்க வந்தோம்." கேட்டு முடிக்குமுன் வந்துவிட்டது பொய்.

மகள் தரையைப் பார்த்தாள். தன் வாயைத் தானே கிள்ளிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. நண்பர் நாலடி நடந்ததும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"பொய் சொல்லிட்டேன் சார். என் பொண்ணு இங்க சேரப் போறா. லிஃப்ட் மெக்கானிக்." சொல்லும்போது காது மடல் கொதித்தது. நல்லதுதானே என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நண்பர் போய்விட்டார்.

தேர்வு முடிந்ததும் மகள் அங்கே சேர்ந்தாள். அந்த மாணவியும் அதே நிலையத்தில் பைக் பிரிவில் சேர்ந்தாள். இருவரும் ஒரே பஸ்ஸில் போய்வருவதாக மகள் சொன்னாள். அவளை வீட்டுக்கு அழைத்து வரச் சொல்லி அவர் பல தடவை கேட்டுப் பார்த்தார்.

"கூப்பிட்டேன்ப்பா. இன்னொரு நாள் வரேன்னா."

அவள் வரவேயில்லை. வியாழக்கிழமை வரிசை மெல்ல மெல்லத் திரும்பியது. எந்த வேலையும் மட்டமில்லை என்ற பேச்சை மட்டும் அவர் விட்டுவிட்டார்; சொல்ல நாக்கு எழவில்லை.