வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?

நாக்கை நீட்டு என்று நோயாளியிடம் சொல்லிப் பழகிய நமக்கு, கேட்க வேண்டியதைக் கேட்கும்போது மட்டும் நாக்கு எழும்பாது. என்னோடு இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

மூன்று தரம் வந்தவர்

எழுபதுகளின் கடைசி. எங்கள் ஊரில் உப்பளம் என்ற பகுதியில் க்ளினிக் போட்டு இரண்டாவது வருஷம். தனகோட்டி என்று ஒரு மில் மேஸ்திரி, வேலை போன பிறகு தூக்கமே இல்லை என்று வந்தார். மாத்திரை கொடுத்தேன். மறு வாரமும் வந்தார். மூன்றாம் தரம் மாத்திரையை மாற்றி எழுதும்போது, "ஞாயித்துக்கெழமையில ஊசுட்டேரிக்கு வாத்து சுடப் போவேன். இப்ப அதுக்கும் மனசில்ல, துப்பாக்கி சும்மா கெடக்குது" என்றார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். அடுத்தவரைக் கூப்பிட மணியடித்தேன்.

நாலாம் நாள் அவரைப் பெரியாஸ்பத்திரியில் பார்த்தேன். தன்னையே சுட்டுக்கொண்டிருந்தார். குண்டு தோளைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது, உயிர் தப்பிவிட்டது. கட்டிலருகே நின்ற அவர் மனைவி அஞ்சலை கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்: "அத எடுத்து வைய்யின்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எங்கண்ணன் ஊட்ல குடுத்து வச்சிருப்பேனே டாக்டரம்மா."

ஆள் மாறிப்போச்சு

அதற்குப் பிறகு தூக்கமில்லை, படபடப்பு, மனசு சரியில்லை என்று யார் வந்தாலும் இந்தத் துப்பாக்கிக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தேன். ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு டாக்டரிடம் போய்விட்டார். நான் போலீசுக்குத் துப்பு சொல்கிறேன் என்று கூடத் தெருவில் பேச்சு.

மீன் விற்கும் பாக்கியம் படபடப்புக்காக வந்தாள். நாடி பார்த்துக்கொண்டே, "வீட்ல துப்பாக்கி ஏதாவது இருக்காம்மா?" என்றேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, கூடையை மடியோடு அணைத்துக்கொண்டாள். "காரப்பொடி மீனு இருக்குது, வஞ்சிரம் இருக்குது. துப்பாக்கி வேணும்னா வேற எடத்துல கேளுங்கம்மா."

ரோசாலி அம்மாள்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில் சொல்தா என்போம். இந்தோசீனாவில் சண்டை போட்டுத் திரும்பிய லூர்து அப்படி ஒரு சொல்தா. எண்பத்திரண்டிலோ மூன்றிலோ அவர் மனைவி ரோசாலி அம்மாள் ரத்தக்கொதிப்புக்கு வந்தார். வெளியே கம்பவுண்டர் கண்ணையன் கையிலிருந்து ஒரு தட்டு விழுந்தது. அந்த அம்மாள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று அவரிடமும் கேட்டேன். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "கனவு கண்டு எந்திரிச்சுடறாரு மதாம். முந்தாநேத்து துப்பாக்கிய எம்மேல நீட்டிக்கிட்டு, யாரதுன்னு பிரெஞ்சுல கேக்கறாரு. முப்பது வருசம் குடித்தனம் பண்ணவ, நான் யாருன்னு அவருக்கு எந்த பாஷையில சொல்றது?"

போர்வைக்குள்

அந்த அம்மாளை அங்கிருந்தே முத்தியால்பேட்டையில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். லூர்து முசேவை (எங்கள் ஊரில் அம்மாவுக்கு மதாம், ஐயாவுக்கு முசே) அழைத்துவரக் கண்ணையன் போனான். வந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தக் கனவுகளுக்கு வைத்தியம் இருக்கு முசே. அதுவரைக்கும் துப்பாக்கி வீட்ல வேண்டாம்" என்றேன். எழுந்து போய்விட்டார்.

அடுத்த முக்கால் மணி நேரம் யாருக்கு என்ன மருந்து எழுதினேன் என்று எனக்கே தெரியாது. பெண்டாட்டியைத் தேடிப் போகிறாரா? தனகோட்டி மாதிரி ஆகிவிடுமா? கண்ணையனை மறுபடி அனுப்பலாமா என்று யோசிக்கும்போது வாசலில் ஒரே சலசலப்பு. போர்வையில் சுற்றிய நீளமான ஒன்றைத் தோளில் சாத்திக்கொண்டு அவர் உள்ளே வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர்கூட மிச்சமில்லாமல் தெருவுக்கு ஓடினார்கள். அதை என் மேஜைமேல் கிடத்தி, தோட்டாப் பையைத் தனியாக வைத்தார். அப்போதுதான் அழுதார். "எனக்கே என்னக் கண்டா பயமா இருந்துச்சு மதாம். யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன்."

போலீஸ் ஸ்டேஷனில்

துப்பாக்கியை நான் வைத்துக்கொள்ள முடியாது. சட்டம் இடம் கொடுக்காது. அவரையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. "லைசென்ஸ் இருக்கு, குத்தம் ஒண்ணும் இல்ல. அப்புறம் எதுக்கு ஒப்படைக்கிறாரு? காரணம் எழுதணுமே" என்றார். மருந்துச் சீட்டை எடுத்து, 'இவர் குணமாகும்வரை துப்பாக்கி இவர் வீட்டில் இருக்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஏட்டு அதை இரண்டு தரம் படித்தார். "சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு போடலியே டாக்டரம்மா?"

ஒரு வருஷம் கழித்து

லூர்து முசே பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் வாரம் தவறாமல் போனார். கனவுகள் முழுசாக நிற்கவில்லை, குறைந்தன. நாலு மாதத்தில் ரோசாலி அம்மாள் வீடு திரும்பினார். துப்பாக்கியைத் திரும்பக் கேட்டு ஒருநாள் வந்து நிற்பாரோ என்று எனக்கு மட்டும் பயம் விடவே இல்லை. கடைசியில் இருமலுக்கு மருந்து வாங்க வந்தார். பொறுக்க முடியாமல் நானே துப்பாக்கிப் பேச்சை எடுத்துவிட்டேன். சிரித்தார். "அது அங்கயே கெடக்கட்டும் மதாம். இப்ப அவ பயமில்லாம எனக்கு முதுகக் காட்டித் தூங்கறா, அது போதும்."

டாக்டராக நான் செய்த நல்ல காரியங்களில் பாதி, ஒன்றுமே நடக்காமல் போனவைதான். ஒன்றுமே நடக்காததற்காக இதுவரை யாரும் எனக்குத் தட்டில் பழம் வைத்துக் கொடுத்ததில்லை.