குழாய்த் தண்ணீர் குடித்த எலிகள்

வெர்னா ஃப்ரீசனுக்கு ஒரே நுரையீரல்தான். பத்தொன்பது வயதில் காசநோய்க்காக இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். மூன்று வருடம்தான் தாங்குவாள் என்று எழுதி வைத்த டாக்டரின் சவ அடக்கத்துக்கே அவள் போய்வந்தாள். ஐம்பத்திரண்டு வயதில், சாஸ்கட்டூனில் எங்கள் ஆய்வுக்கூடத்தில், எலிகளுக்கு அதே இடது நுரையீரலை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேஜையில் பதினோரு வருடம் உட்கார்ந்தவள் நான். அவள் கைக்கு இணை கிடையாது.

ஒரு பக்கம் போனால் மிச்சப் பக்கம் வளரும். அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன் அந்த வளர்ச்சியைத் தூண்டுகிறதா, தடுக்கிறதா, நுரையீரலின் மீள்தன்மை என்னாகிறது என்பதுதான் கேள்வி. அதனால் பாதி எலிகளுக்குச் சுரப்பியையும் எடுத்தோம். சுரப்பி போன உடம்பில் உப்பு தங்காது. அந்த எலிகளுக்கு உப்புத் தண்ணீர்தான் வைக்க வேண்டும்.

அக்டோபரில் வரும் நன்றி நாள் பண்டிகையின் மூன்று நாள் விடுமுறையில் கூண்டு பார்க்க வந்த புண்ணியவான், புட்டிகளின் மூக்கில் உப்புப் பூத்திருந்ததை அழுக்கென்று நினைத்துவிட்டான். பளபளவென்று கழுவி, குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்தான். அளக்க வேண்டிய செவ்வாய்க்கிழமை சுரப்பி போன எலிகள் துவண்டு கிடந்தன. அளந்தோம். நுரையீரல்கள் எடை குறைந்திருந்தன.

எங்கள் தலைவர் ஹாலரனுக்கு வாயெல்லாம் பல். ஹார்மோன் இல்லாவிட்டால் வளராது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வெர்னாவோ குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் "குழாய்த் தண்ணீர்" என்று எழுதினாள்.

"அந்தப் பக்கத்தையெல்லாம் கிழிச்சிடுங்க, வெர்னா."

"நம்பர் போட்ட நோட்டு டாக்டர். கிழிச்சா ஓட்டைப் பல்லு மாதிரி தெரியும்."

"மூணு நாள் தண்ணில என்ன ஆயிடப்போகுது?"

"நீங்க குடிச்சா ஒண்ணும் ஆகாது. உங்களுக்குத்தான் சுரப்பி இருக்கே."

நான் சிரித்துவிட்டேன். அவர் முகம் சிவந்தது.

"அப்போ நாளைலேர்ந்து நாய்க் கூண்டு கழுவுங்க."

"ரப்பர் பூட்ஸ் எந்த அலமாரில இருக்கு?"

போயேவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் எனக்கு உண்டு.

அவள் இடத்தில் வந்தவர்கள் ரத்தக்குழாயில் முடிச்சுப் போடத் தெரியாமல் எலிகளைக் கொன்று குவித்தார்கள். மூன்றாவது வாரம் ஹாலரனே நாய் அறைக்கு இறங்கி வந்தார்.

"திரும்பி வாங்க, வெர்னா."

"அந்தப் பக்கமெல்லாம் இருக்கா?"

"இருக்கு."

"அந்த எலிங்களை முடிவுல சேக்க மாட்டீங்களே?"

அவர் தலையை ஆட்டிய பிறகுதான் பூட்ஸைக் கழற்றினாள்.

புது எலிகள் வந்தன. கிறிஸ்துமஸ் அன்றும் அவளே வந்து, புட்டிக்கு ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். மறுபடி அளந்தபோது, சுரப்பி இல்லாத எலிகளின் நுரையீரல்தான் அதிகம் வளர்ந்திருந்தது. காற்றை ஏற்றினால் மெத்தென்று விரிந்தது. ஹாலரன் தராசைத் துடைத்துத் துடைத்து நிறுத்துப் பார்த்தார். எண் மாறவில்லை.

"தண்ணில ஏதோ கோளாறு," என்றார்.

வெர்னா புட்டியைக் கவிழ்த்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நக்கிப் பாருங்க, டாக்டர்."