எஸ்றாவின் இடது இமை

எஸ்றாவுக்கு இடது கண்ணின் இமை பிறந்ததிலிருந்தே பாதி இறங்கித்தான் இருக்கும். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. இமையைத் தூக்குகிற தசைக்குத்தான் வலு இல்லை. பள்ளிக்கூடத்தில் பையன் தூங்குகிறான் என்று நினைத்துக் கணக்கு வாத்தியார் விட்டெறிந்த சாக்பீஸ் துண்டுகள் கொஞ்சநஞ்சமில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு லாரி கிளீனராகப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகு யாரும் அவர் கண்ணைப் பற்றிப் பேசவில்லை. வண்டி ஓட்டுகிறவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? பின்சீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் பிடரிதான்.

பாளையங்கோட்டையில் கம்பியும் சிமெண்டும் மொத்த வியாபாரம் செய்யும் வேதநாயகம் அண்ணாச்சியிடம் டிரைவராகச் சேர்ந்தபோது எஸ்றாவுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. இப்போது அவர் மகள் ஸ்டெபி நர்சிங் படிக்கிறாள். அந்த வீட்டில் அம்பாசிடர் போய் சுமோ வந்தது, சுமோ போய் வேறொரு டீசல் வண்டி வந்தது, டிரைவர் மட்டும் மாறவில்லை. அண்ணாச்சியின் ஒரே மகள் டார்லினை எல்.கே.ஜி.யில் கொண்டுவிட்டதும் எஸ்றாதான், கல்யாணம் முடிந்து சென்னைக்கு ரயிலேற்றிவிட்டதும் எஸ்றாதான். அவர் கையில் எந்த வண்டியும் ஒரு கீறல் வாங்கியதில்லை. சர்ச் வாசலில் நின்று அண்ணாச்சி இதைப் பெருமையாகச் சொல்வார். தன் குடோனைப் பற்றிச் சொல்கிற அதே குரல்தான்.

போன வருஷம் டார்லின் அப்பாவுக்கு ஒரு எலக்ட்ரிக் கார் வாங்கி அனுப்பினாள். வெள்ளை நிறம். ரோட்டுக் கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். முன்னால் போகிற வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டும், குறைக்கும். குறுக்கே ஏதாவது வந்தால் டிரைவரின் கால் போவதற்குள் அதுவே பிரேக் போட்டுவிடும். வண்ணாரப்பேட்டை நெரிசலில் முதல் நாள் ஸ்டியரிங் வெடுக்கென்று இழுத்தபோது எஸ்றா பயந்துதான் போனார். நாலைந்து நாளில் பழகிவிட்டது. வண்டி அவருக்குப் பிடித்தும் இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் கட்டைவிரல் நகத்தளவு ஒரு கேமரா இருந்ததைத்தான் அவர் கவனிக்கவில்லை. ஓட்டுகிறவனின் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பது அதன் வேலை. ஊருக்கு வெளியே வேகமெடுத்த பிறகுதான் அது பேசும்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பின்சீட்டில் அண்ணாச்சியும் சபைக் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும். முன்னீர்பள்ளம் தாண்டும்போது வண்டிக்குள் மணி அடித்தது. திரையில் ஒரு காப்பிக் கோப்பை தெரிந்தது. ஒரு பெண் குரல், ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னது.

"ஏலே எஸ்றா, தூங்குதியா?" என்றார் அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி. முழிச்சுத்தான் இருக்கேன்."

பத்தமடையில் மறுபடி அடித்தது. சேரன்மகாதேவியில் இன்னொரு தடவை. கமிட்டிக்காரர் ஒருவர் எட்டி, முன்கண்ணாடியில் எஸ்றாவின் முகத்தைப் பார்த்தார்.

"வே, இவன் கண்ணு பொறவிலேயே மூடுன கண்ணுல்லா! வண்டி சரியாத்தான் கண்டுபுடிச்சிருக்கு!"

மூன்று பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். வீரவநல்லூர் வருவதற்குள் இன்னொரு தடவை அடிக்கும் என்றார் ஒருவர், அடிக்காது என்றார் மற்றவர். அடித்தது. எஸ்றா புருவத்தை உயர்த்திப் பார்த்தார். நெற்றி முழுக்கச் சுருங்கியதே தவிர இமை மேலே போகவில்லை.

அன்று சாயங்காலம் டார்லின் போனில் கூப்பிட்டாள். வண்டி மணி அடிக்கும்போதெல்லாம் அவள் போனுக்கும் ஒரு மெசேஜ் போகும் என்பது அப்போதுதான் எஸ்றாவுக்குத் தெரிந்தது.

"எஸ்றாண்ணே, டிரைவர் தூங்குதாரு, டிரைவர் தூங்குதாருன்னு நாள் பூரா வந்துக்கிட்டே இருக்கு. வயசாயிருச்சா உங்களுக்கு?"

"பாப்பா, என் கண்ணு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே. ஆனா வண்டி பொய் சொல்லாதுல்லா."

"அதை அமத்தி வைக்கலாம்னு ஷோரூம்ல சொல்லுதாங்க பாப்பா."

"எங்கப்பா உயிரு விஷயம். அதெல்லாம் அமத்தக் கூடாது," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. புதிதாக யாராவது வண்டியில் ஏறினால், "கொஞ்சம் பொறுங்க, ஒரு வேடிக்கை பாப்பிய," என்பார் அண்ணாச்சி. மணி அடித்ததும் சிரிப்பு. குடோனில் மூட்டை தூக்குகிறவர்கள் எஸ்றா கடந்துபோகும்போது வாயாலேயே மணி அடித்தார்கள். சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவே பின்வரிசையிலிருந்து யாரோ மெதுவாக அந்த மணிச் சத்தத்தை எழுப்ப, பெஞ்சு முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுகிர்தாவுக்கு, தன் புருஷன் ஏன் பாட்டுப் புஸ்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார் என்று அன்று புரியவில்லை.

எஸ்றா கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். சின்ன ஆப்பரேஷன்தான், இமையைத் தூக்கி வைத்துவிடலாம், ஆனால் சில வாரங்கள் வண்டி ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். மறுநாள் காலையில் அண்ணாச்சி தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எஸ்றா வாசல் நிலையோரம் நின்று லீவு கேட்டார்.

"இத்தன வருஷம் இல்லாத அழகு இப்ப எதுக்குலே? பொண்ணு பாக்கப் போறியா?"

அண்ணாச்சியின் மனைவி ஞானம்பாள் சிரித்துக்கொண்டே அடுத்த தோசையைத் தட்டில் வைத்தாள்.

"லீவு வேணும்னா எடுத்துக்கோ," என்றார் அண்ணாச்சி. "திரும்பி வரும்போது வேலை இருக்கும்னு மட்டும் நெனச்சிராதே."

ஸ்டெபி கட்டுப்போட்டுப் பழகுவதற்காகக் கல்லூரியிலிருந்து பேப்பர் டேப் கொண்டுவந்து வீட்டில் வைத்திருந்தாள். எஸ்றா அதில் ஒரு கீற்று வெட்டி, இமையைத் தூக்கிப் புருவத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டார். அது தெரியாமலிருக்கப் பவர் இல்லாத, தடித்த பிரேம் போட்ட மூக்குக்கண்ணாடி ஒன்றையும் மாட்டினார். சுவர்க் கண்ணாடியில் இரண்டு கண்ணும் திறந்திருந்த ஒரு முகம் தெரிந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஸ்டெபி அப்பா, கண்ணைச் சிமிட்டக்கூட முடியலயே உங்களால," என்றாள் சுகிர்தா.

"வண்டிய விட்டு இறங்குனதும் பிச்சிருவேன்."

அன்று தூத்துக்குடி போய்த் திரும்பும் வரை வண்டி வாயைத் திறக்கவில்லை. அண்ணாச்சிக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. "என்னலே, ஒன் கூட்டாளி இன்னிக்குக் கூப்பிடவேயில்ல?" என்றார். எஸ்றாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதற்குப் போய்ச் சந்தோஷப்படுகிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது.

மாதங்கள் போயின. மூடாத கண்ணில் ஏ.சி. காற்று நேராக அடித்தது. குடோனில் காத்திருக்கும்போது சிமெண்டுத் தூசி விழுந்தது. சாயங்காலம் டேப்பைப் பிரித்தால் கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். சுகிர்தா வெந்நீரை ஆறவைத்துக் கழுவிவிடுவாள். விஷயம் தெரிந்ததும் ஸ்டெபி கத்தினாள். "அப்பா, கண்ணு காயக் கூடாது. புண்ணாப் போயிரும்பா. நான் டேப்ப எடுத்துட்டுப் போயிருதேன்." அவள் எடுத்துக்கொண்டு போனாள். எஸ்றா முருகன்குறிச்சி மருந்துக் கடையில் வேறு வாங்கிக்கொண்டார்.

அண்ணாச்சியின் தங்கை மகனுக்கு நாகர்கோவிலில் கல்யாணம். சென்னையிலிருந்து டார்லினும் வந்திருந்தாள். அன்று காலையில் எஸ்றாவின் கண் செக்கச் செவேலென்று வீங்கியிருந்தது. கருவிழி மேல் வெள்ளையாக ஒரு பொட்டு. வெளிச்சத்தைப் பார்த்தாலே குத்தியது. இன்றைக்கு ஒருநாள் மட்டும் வேறு டிரைவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டைத் தாண்டி உள்ளே வராமலேயே கேட்டார்.

"கல்யாண வீட்டுக்குப் பொறப்படுத நேரத்துலதான் ஒனக்குக் கண்ணு நோவும், என்ன?" என்றார் அண்ணாச்சி.

"ட்ராப்ஸ் விட்டுக்கோங்கண்ணே, சரியாயிரும்," என்றாள் டார்லின், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எஸ்றா கார் ஷெட்டுக்குள் போய் டேப்பை ஒட்டிக்கொண்டு வந்தார்.

நான்குவழிச் சாலையில் ஏறியதும் காலை வெயில் இடப்பக்கமாக அடித்தது. இடது கண்ணிலிருந்து நீர் தாரையாக ஒழுகி, கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் இறங்கியது. அந்த வலிக்கு நல்ல கண்ணும் சேர்ந்து மூடப் பார்த்தது. கோட்டுக்குள் வண்டியே போகிற வசதியைப் போட்டுவிட்டு, எஸ்றா ஸ்டியரிங்கைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஓரங்கட்டி முகம் மட்டும் கழுவிக்கிடட்டுமா?"

"ஆராதனை பத்து மணிக்கு. பேசாம ஓட்டு."

மூன்றடைப்பு பக்கத்தில் சாலையின் நடுத்திட்டு இடைவெளி வழியாக ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே இறங்கியது. எஸ்றாவுக்கு ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது. ஆடு என்று மனதில் படுவதற்குள் வண்டி தானே பிரேக் போட்டுவிட்டது. எல்லோரும் முன்னால் போய் பெல்ட்டில் தொங்கினார்கள். ஞானம்பாள் மடியிலிருந்த சீர்த்தட்டு சரிந்து, ஆப்பிள்கள் காலடியில் உருண்டன. ஆடுகளுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். ஒரு ஆட்டுக்கும் அடியில்லை, ஒரு மனுஷருக்கும் கீறலில்லை. வண்டி அவர்கள் எல்லோரையும் காப்பாற்றிவிட்டது. அது எஸ்றாவுக்கும் தெரிந்தது.

டார்லின் இறங்கி வந்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள். எஸ்றா கண்ணாடியைக் கழற்றியிருந்தார். நனைந்த டேப் பாதி பிய்ந்து இமையில் தொங்கியது. அவள் அதை இரண்டு விரலால் பற்றி வெடுக்கென்று பிடுங்கினாள். எஸ்றா முனகினார்.

"அப்பா, இங்க பாருங்க. இத ஒட்டிக் கேமராவை ஏமாத்தியிருக்காரு. இத்தன நாளும் நம்மளத் தூக்கிச் சாவக் குடுக்கப் பாத்திருக்காரு."

"பாப்பா, நான் தூங்கல..."

"எறங்குலே," என்றார் அண்ணாச்சி.

டார்லின் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். எஸ்றா தடவிக்கொண்டே போய்ப் பின்கதவைத் திறந்தார். ஞானம்பாள் மடியிலிருந்த தட்டைப் பக்கத்து சீட்டில் வைத்து, சேலை சுருங்காமல் நீவிவிட்டாள். "இங்கன இடமில்ல," என்றாள்.

வண்டி போய்விட்டது. வெள்ளைச் சட்டையோடு எஸ்றா ரோட்டோரத்தில் நின்றார். ஆட்டுக்காரர் முதலில் கண்டபடி ஏசிக்கொண்டுதான் வந்தார். முகத்தைப் பார்த்ததும் ஏச்சை விட்டுவிட்டு, தன் பிளாஸ்டிக் கேனைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினார். ஆடுகளுக்கு வைத்திருந்த தண்ணீர். எஸ்றா அதிலேயே கண்ணைக் கழுவிக்கொண்டு, வழியில் போனவர்களைக் கேட்டுக் கேட்டு பஸ் ஏறினார்.

கருவிழியில் புண் ஆழமாகப் போயிருந்தது. மணிக்கொரு தடவை மருந்து விட்டார்கள். டாக்டர் பயிற்சி மாணவர்களைக் கூப்பிட்டு எஸ்றாவின் தாடையை நிமிர்த்திப் பிடித்துக் காட்டினார். கார் திட்டாமலிருக்கக் கண்ணை ஒட்டிக்கொண்டவர் என்று விளக்கியபோது ஒரு பெண் அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டாள். புண் ஆறியது. ஆறின இடத்தில் பால்போல் ஒரு திரை நின்றுவிட்டது. அந்தக் கண்ணுக்கு இனி வெளிச்சமும் இருட்டும்தான் தெரியும் என்றார்கள். இமை மறுபடியும் பாதி இறங்கியே கிடந்தது.

அண்ணாச்சி வீட்டிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஏமாற்றி வண்டி ஓட்டினான், ஆண்டவர் கிருபையால் தப்பித்தோம் என்று அண்ணாச்சி சபையில் எழுந்து சாட்சி சொன்னார். அதற்குப் பிறகு எஸ்றாவை நம்பி யாரும் வண்டி கொடுக்கவில்லை. சுகிர்தா ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையலுக்குப் போனாள். எஸ்றா அலைந்து திரிந்து, நான்குவழிச் சாலையோர ஓட்டல் ஒன்றில் வேலை வாங்கினார். சாப்பிட வருகிறவர்களின் எலக்ட்ரிக் கார்களுக்குச் சார்ஜ் வயரை மாட்டிக் கழற்றுகிற வேலை. கருப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள மேனேஜர் சம்மதித்திருந்தார். சம்மதம் என்ன, அது அவர் போட்ட நிபந்தனைதான்.

ஒரு மத்தியானம் அந்த வெள்ளைக் கார் வந்து நின்றது. புது டிரைவர் ஓட்டி வந்தான். அண்ணாச்சியும் விருந்தாளிகள் இரண்டு பேரும் இறங்கினார்கள்.

"ஏலே எஸ்றா! இங்கனயா கெடக்கே?" நேற்றுத்தான் பிரிந்தவர் மாதிரி அண்ணாச்சி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். "நான் சொன்னேன்லா, கண்ணுல டேப்ப ஒட்டுன ஆளு, இவன்தான். கண்ணாடியக் கழத்துலே. அவிய பாக்கட்டும்."

எஸ்றா கழற்றினார். ஏன் கழற்றினோம் என்று அவர் பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறார். அந்தக் குரல் சொன்னதும் கை போய்விட்டது, அவ்வளவுதான். விருந்தாளிகளில் ஒருவர் உற்றுப் பார்த்தார். இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காப்பி நல்லாருக்குமா இங்கே என்று கேட்டார்.

"அந்தக் கேமரா இன்னும் இருக்கா?" என்று கேட்டார் முதலாமவர்.

"அத அப்பவே அமத்தியாச்சு," என்றார் அண்ணாச்சி. "டார்லின் கூலிங் கிளாஸ் போட்டா, அவளையும் தூங்குதான்னு சொல்ல ஆரம்பிச்சிட்டு. ஷோரூம்காரன் ரெண்டு அமுக்கு அமுக்குனான், முடிஞ்சு போச்சு."

எஸ்றா வயரை இழுத்துவந்து வண்டியில் மாட்டினார். அவர்கள் காப்பி குடித்து முடித்து வந்ததும் கழற்றினார்.

அதற்குப் பிறகு அந்தக் கார் உள்ளே திரும்புவது தெரிந்தால் எஸ்றா சமையல்கட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய்விடுகிறார். வயிற்றுக்கு முடியவில்லை என்று ஒருநாள் மேனேஜரிடம் சொன்னார், இன்னொரு நாள் வேறு ஏதோ சொன்னார். சுகிர்தாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. டீசல் வண்டியாக இருந்தால் கிளம்புகிற சத்தமாவது கேட்கும். இது போய்விட்டதா, இன்னும் நிற்கிறதா என்று அங்கிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை. அதனால் இனிப் போயிருப்பார்கள் என்று தோன்றின பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத்தான் வருகிறார்.