தபீதாளின் காற்றுக் கணக்கு

சேலையூர் தபீதாளுக்குக் காற்றென்றால் போதும், ஊர் உலகம் மறந்துவிடும். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் ஜன்னலருகே நின்று வேப்பமரம் அசைவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "மேடம் டேக் ஆஃப் ஆயிட்டாங்க" என்று கணவர் ஜேசன் கிண்டலடிப்பார்.

குரோம்பேட்டையில் சின்ன விமானங்களை வடிவமைக்கும் அலுவலகத்தில் அவளுக்குப் பதினொரு வருட வேலை. பறக்கும் விமானத்தைக் கீழிருந்து ஒரு காற்று மோதினால் எந்தப் பாகத்தில் எவ்வளவு சுமை விழும் என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் காற்று மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, மெல்ல இறங்கும் என்று வைத்துக்கொள்வார்கள். அந்த வளைவை வரையும்போதெல்லாம், தானே அதன்மேல் ஏறி இறங்குவதுபோல் அவள் சொக்கிப்போவாள். இதற்குச் சம்பளமும் தருகிறார்கள், பாருங்கள்!

அந்த ஞாயிறு, சர்ச் முடிந்து காலி பஸ்ஸில் வந்தாள். கடைசி சீட், ஜன்னல் காற்று, கண் சொருகியது, மேகத்துக்குள் மிதந்துகொண்டிருந்தாள். ஸ்பீட் பிரேக்கரில் பஸ் தூக்கிப் போட்டதில் தலை கம்பியில் இடித்தது. கூட்டம் நிறைந்த பஸ் இப்படி எகிறாதே என்று தலையைத் தேய்த்தவளுக்குச் சட்டென்று தன் கணக்கு நினைவுக்கு வந்தது.

புது விமானத்தின் எஞ்சினைத் தாங்கும் சட்டத்துக்கு ஒரே ஒரு கணக்குதான் போட்டிருந்தாள், முழு எடையில். இறக்கைக்கு அதுதான் மோசமான நிலை. சட்டத்துக்கும் அதுவே என்று நினைத்துவிட்டாள். ஆனால் விமானம் லேசாக இருந்தால் அதே காற்று அதை இன்னும் வேகமாகத் தூக்கும். எஞ்சினின் எடையோ குறையாது. அந்த உலுக்கல் சட்டத்தின் தலையில்தான் விடியும். நாளைக்குத்தான் முதல் சோதனைப் பறப்பு.

பஸ்ஸில் இருந்தபடியே மேலாளர் துரைராஜுக்கு போன் போட்டாள். "சார், தப்பு பண்ணிட்டேன். நாளைக்குப் பறக்க வேணாம்."

"எல்லாரும் சைன் பண்ணியாச்சேம்மா. எவ்ளோ பெரிய தப்பு?"

"போட்டுப் பாத்தாதான் சார் தெரியும். ஆனா தப்பு என்னோடதுதான்."

வெட்கத்தில் காது சுட்டது. இத்தனை வருடத்தில் அவள் கணக்கில் யாரும் குறை சொன்னதில்லை.

மறுநாள் மதியம் விடை வந்தது. லேசான விமானத்தில் சட்டத்தின் மேல் விழும் சுமை, அது தாங்கக்கூடியதைவிட எட்டு சதவீதம் அதிகம். பறப்பு நின்றுபோன கடுப்பில் வந்த விமானி பிரிட்டோ, அவள் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார். புதிதாகச் சேர்த்த வரியில், 'கால்வாசி எரிபொருள், ஆள் ஒருவர்' என்றிருந்தது.

"அந்த ஒருத்தர் நான்தானேக்கா?"

தபீதாள் தலையசைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.