உச்சி வெயிலில் பேசிய குழாய்

சீனிச்சாமி போய்விட்ட செய்தி வந்தபோது நான் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்ன மனிதர் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் வரவில்லை. அவரை நம்பிப் பிரித்துப்போட்ட மோட்டார் ஒன்று பட்டறை நடுவில் குடல் சரிந்து கிடந்தது. பக்கத்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, கல்லுப்பட்டியிலருந்து போன் வந்துச்சு. சீனி அண்ணன் தவறிட்டாராம்" என்றார். கையிலிருந்த கிரீஸைக்கூடத் துடைக்கத் தோன்றாமல் அப்படியே அவர் ஊருக்குப் பஸ் ஏறினேன்.

அவனியாபுரத்தில் எங்கள் பம்ப் பட்டறைக்கு வந்துபோன உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். நானும் அவரும் சரிபாதிப் பங்காளிகள். சரிபாதி என்பது பேச்சுக்கு. சண்டை போடுவதில் முக்கால் பங்கு அவருடையது. நீளத் திருப்புளியின் முனையை ஓடும் மோட்டாரின் மீது ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். "மோட்டாரு பொய் சொல்லாது மாப்ள, மோட்டாரு வச்சிருக்கவன்தான் சொல்லுவான்" என்பார். இதை மோட்டாரின் சொந்தக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லி நாங்கள் இழந்த வாடிக்கைகள் கொஞ்சநஞ்சமல்ல.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்று, அவருக்குப் பேய் என்றால் உயிர் போகும். ஊரையே அதட்டுகிற மனிதர், சுடுகாட்டு வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டார். ஒருமுறை கிணற்று மோட்டார் பழுது பார்க்கப் போன இடத்தில், அந்தக் கிணற்றில் யாரோ விழுந்தது போன மாதம்தான் என்று தெரிந்ததும், "எனக்கு வயித்தால போகுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு நின்றது திருநகரைத் தாண்டி இருந்த ஒரு பங்களாவில்.

பஞ்சு ஆலைக்காரர் வீடு அது. வீட்டின் இளைய மகன் ஆசைப்பட்டுத் தோட்டத்தில் நீச்சல்குளம் கட்டியிருந்தார். மதுரையில் அப்போது வீட்டில் நீச்சல்குளம் என்றால் ஆள் கூட்டி வந்து காட்டுவார்கள். தினமும் காலையில் தானே மோட்டார் போட்டுத் தண்ணீரைச் சுத்தம் செய்து நீந்துவாராம். ஒருநாள் நீந்திக்கொண்டிருக்கும்போதே மாரடைத்துப் போய்விட்டார். உயிர் போன தண்ணீர் வீட்டில் நிற்கக்கூடாது என்று அத்தனையையும் தென்னைகளுக்கு இறைத்துவிட்டு, மஞ்சள் தெளித்துப் புதுத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். கிணறு வற்றிப்போனதால் குளம் பாதிதான் நிரம்பியது. துக்க வீட்டில் அவரைப் பெற்ற தாய், வீட்டில் எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், மருமகளைப் பார்த்து, "எம் மகனத் தின்னுட்டியேடி" என்று சொன்ன சொல்லோடு அந்த இருவருக்கும் பேச்சு அற்றுப்போனது. ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இருந்தார்கள்.

தண்ணீர் பாசி பிடித்துக் கொசு மொய்த்தது. மோட்டார் ஓடினாலும் தண்ணீரை இழுக்கவில்லை. முதலில் வந்த மெக்கானிக், மோட்டாருக்கு முன்னால் இலைதழை தங்குகிற வடிகட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்து, ரப்பர் வளையம் இற்றுவிட்டது, வாங்கி வருகிறேன் என்று போனவர் போனவர்தான். மூடி திறந்தபடியே கிடந்தது. அடுத்து வந்தவர் பையைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டார். ஏனென்று கேட்டதற்குத் தோட்டக்காரர் குரலைத் தாழ்த்தி, "உச்சி வெயில்ல குளம் பேசுதுண்ணே" என்றார். சீனிச்சாமி அப்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். முன்பணம் வாங்கியாகிவிட்டது என்று நான்தான் இழுத்துப் பிடித்து நிறுத்தினேன்.

பழுது பெரிதாக ஒன்றுமில்லை. குளத்துச் சுவரின் மேற்புறத்தில் தண்ணீரை உறிஞ்சும் வாய் ஒன்று இருக்கும். தண்ணீர் அதற்குக் கீழே நின்றதால் மோட்டார் வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. குளத்தின் அடியிலிருந்து வரும் குழாயின் வால்வும் மூடியிருந்தது. அந்தச் சுவர் வாயிலிருந்து மாமரங்களுக்குப் பின்னால் பள்ளத்தில் இருந்த மோட்டார் அறை வரைக்கும் மண்ணுக்குள் நீண்ட குழாய் காய்ந்து கிடந்தது. இதைப் பார்த்து முடித்து, மரத்தடியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தோம். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வீடு முழுக்க உறங்கிவிட்டதுபோல ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை.

அப்போது பெரியம்மா வந்தார். எங்களைக் கவனிக்கவில்லை. குளத்தின் ஓரத்தில், சரியாக அந்தச் சுவர் வாய்க்கு மேலே உட்கார்ந்து குனிந்து, "ராசா, வந்துருய்யா. ஆத்தா கூப்பிடுறேன்ல, வந்துரு" என்றார். பெற்ற வயிறு புலம்புகிறது என்று நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"வாரேன்."

சுவருக்குள்ளிருந்து வந்தது. ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியாது. அண்டாவுக்குள் பேசினால் எப்படிக் கேட்குமோ அப்படி. என் கையில் இருந்த சோற்றுருண்டை அப்படியே நின்றது. பெரியம்மா அழவில்லை. சிரித்தார். பேரனோடு பேசுகிறவர்போலத் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்கு அந்தக் குரலைவிடப் பயமாக இருந்தது.

சீனிச்சாமி வாசலைப் பார்த்து ஓடுவார் என்றுதான் நினைத்தேன். முகம் வெளிறியிருந்தது. என் மணிக்கட்டை நசுக்கிப் பிடித்துக்கொண்டு மோட்டார் அறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "மாப்ள, அந்த மூடி தொறந்து கெடக்குடா" என்று மட்டும் முணுமுணுத்தார்.

அறைக்குள் மருமகள் இருந்தார். திறந்து கிடந்த வடிகட்டியின் மேல் முகத்தை வைத்துத் தரையில் மண்டியிட்டிருந்தார். புருஷனை இழந்து மாதங்கள் ஆன பெண், கூறைப்பட்டு உடுத்தி, பொட்டு வைத்து, தலை நிறையப் பூ வைத்திருந்தார். வடிகட்டிக்குள்ளிருந்து கனத்த குரலில், "வந்துரு... வந்துரு..." என்று கேட்டது. குழாய் பாதிச் சொல்லை விழுங்கிவிட்டுக் கடைசியை மட்டும் கொண்டுவந்து கொட்டியது. அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"கேட்டீகளா? அவருதான். தெனமும் கூப்பிடுறாரு. இன்னைக்கு வாரேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

குளத்தில் பாதித் தண்ணீர்தான். ஆனால் ஓர் உயிரை விட அது போதும். சீனிச்சாமி வாசலை மறித்து நின்றுகொண்டு, "பெரியம்மாவக் கூட்டிட்டு வா. மகன் சத்தம் எங்கருந்து வருதுன்னு காட்டுறேன்னு சொல்லு. வெரசா" என்றார். நான் ஓடினேன். மகன் என்றதும் அந்த அம்மா என்னைவிட வேகமாக வந்தார். படியிறங்கியவர் மருமகளின் கோலத்தைப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தாயி, அவருக்கு இன்னொரு தடவ பதில் சொல்லுங்க" என்றார் சீனிச்சாமி.

மருமகள் குனிந்து, "வாரேன்" என்றார்.

பெரியம்மா மருமகளை நெருங்கி வந்தார். "நீயா? இம்புட்டு நாளும் எங்கிட்டப் பேசுனது நீயாத்தா?" என்றார்.

"அப்ப என்னயக் கூப்பிட்டது?"

"நாந்தேன். நான் எம் மகனக் கூப்பிட்டேன்." சொல்லும்போதே அவர் பார்வை பட்டுச்சேலையில் நின்றது. மருமகளை எங்கே போகச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தன் வாயிலேயே மாறி மாறி அடித்துக்கொண்டார். மருமகள் அந்தக் கையைப் பிடித்தார். இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, செத்த வீட்டில் அன்றைக்கு அழாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அழுதார்கள். நானும் அழுதேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை ஒரு வேடிக்கையான தொழில் அனுபவமாகச் சொல்லித் திரிந்திருப்பேன். அழுகை ஓய்ந்து அறை அமைதியானது. அப்போது வடிகட்டிக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பேசுவதற்கு முன்னால் ஓர் ஆண்பிள்ளை செருமுவதுபோல, ஒரே ஒரு தடவை. இரண்டு பெண்களும் ஒன்றாகத் தலையைத் திருப்பினார்கள். நான் மேல்படியில் நின்றிருந்தேன். அங்கிருந்து மரங்களுக்கு இடையில் குளத்தின் ஓரம் முழுக்கத் தெரியும். அங்கே வெயிலைத் தவிர யாரும் இல்லை.

சீனிச்சாமி குனிந்து மூடியை எடுத்தார். ரப்பர் இல்லாமலேயே வடிகட்டியின் மேல் கவிழ்த்து, நட்டுகளைத் திருகினார். விரல் நடுங்கி ஸ்பேனர் இரண்டு முறை நழுவியது. குரல் மட்டும் நடுங்கவில்லை. "காத்து" என்றார். "கொழாய்க்குள்ள அடைச்சிருந்த காத்து. அம்புட்டுதேன். எந்திரிச்சு வீட்டுக்குள்ள போங்க தாயி." அவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போனார்கள்.

புது ரப்பர் போட்டு, லாரித் தண்ணீர் விட்டுச் சுவர் வாய் முழுகும்படி குளத்தை நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டோம். முதல் மடக்கிலேயே தண்ணீரை இழுத்தது. அதன்பின் குளம் பேசவில்லை. சீனிச்சாமி காய்ச்சலில் படுத்துவிட்டார். பார்க்கப் போன நான் அந்தச் செருமலைப் பற்றி வாயெடுத்தேன். "அதப் பேசாத மாப்ள" என்றார். பட்டறையில் பேசாத பேச்சில்லை. அதை மட்டும் நாங்கள் பேசவேயில்லை. இனிமேல் கேட்கவும் முடியாது. அந்த வருத்தம் எனக்கு நிறைய இருக்கிறது.

கல்லுப்பட்டியில் தூக்கப்போகும் நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா இறங்கினார். கண் மங்கிவிட்டது. மருமகளுக்கும் நரை விழுந்திருந்தது. மாலை போட்டுவிட்டு, பெரியம்மா நான் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, என் கையைப் பிடித்துத் தனியே இழுத்தார். "தம்பி, நீயும் அன்னைக்கு அங்க இருந்தேல்ல. உண்மையச் சொல்லு. கடைசியாக் கேட்டுச்சே, அது காத்துதானா?" பின்னால் நின்ற மருமகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் தெரியாமல் இத்தனை வருடமும் அவர்கள் சேர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள். அது காற்று இல்லை என்று நான் சொன்னால் மறுபடியும் அந்தக் குளத்தங்கரைக்குத்தான் போவார்கள்.

சீனிச்சாமியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது தொழில் அல்ல, தொழில் எனக்கும் தெரியும். திருப்புளியை அவருடைய மகன் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அவர் விட்டுப்போனது ஒரே ஒரு சொல். கை நடுங்கியது. பின்னால் கட்டிக்கொண்டு, குரல் பிசகாமல் அதைச் சொன்னேன்.

"காத்துதாம்மா."