அஞ்சு செண்ட் மனைக்கு விட்ட ஏலம்

எங்கள் அனுமந்தைக் கரையில் பதினெட்டு வருஷம் மீன் ஏலம் விட்டவர் காசிலிங்கம். மகா கோபக்காரர். பேச்சு மாறிய வியாபாரியை ஒருமுறை கூடையோடு எட்டி உதைத்தார், அது நான்தான். ஆனால் ஊர்ப் பஞ்சாயத்து ஏலக்காரருக்கு வைத்த கட்டுப்பாட்டை அவர் மீறியதே இல்லை. தனக்கென்று ஒரு மீன் எடுக்கக் கூடாது. விலையை எல்லோர் காதிலும் விழக் கூவ வேண்டும். மூணு தரம் சொல்லிவிட்டால் முடிந்தது.

போன வருஷம் குப்பம்மாள் உப்பளத்துப் பக்கம் இருந்த தன் ஐந்து செண்ட் மனையை விற்க முடிவு செய்தாள். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு மகன் மோகன் அடுத்தவன் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்குச் சொந்தப் படகு வாங்க வேண்டும். கிளியனூர் நிலத் தரகன் ராஜவேல், செண்ட் ஒரு லட்சத்துக்கு மேல் போகாது என்று அடித்துச் சொன்னான். அந்தப் பணத்தில் படகு வரும், இன்ஜின் வராது.

மனை காட்டும் அன்று துணைக்குக் காசிலிங்கத்தைக் கூப்பிட்டாள். அங்கே இரண்டு கார்கள் தள்ளித் தள்ளி நின்றன. ஒன்றில் உப்பள முதலாளி சுப்ராயன், மற்றதில் ஒரு புதுச்சேரிக்காரர். ராஜவேல் அங்குமிங்கும் ஓடி இருவர் காதிலும் கிசுகிசுத்தான். செண்ட் ஒன்றே முக்கால் லட்சம் என்று அவன் சொன்னது காசிலிங்கத்தின் காதில் விழுந்துவிட்டது.

“ஏம்பா, வெலைய ஏன் காதுல சொல்றே? கத்திச் சொல்லு.”

“உன் வேலை வேற, என் வேலை வேற. மீன் விக்கிறவன் மீன் விக்கணும்.”

காசிலிங்கம் வரப்பில் ஏறிக் கூவத் தொடங்கினார். கார்க்காரர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் போட்டி போட்டார்கள். செண்ட் இரண்டு லட்சத்தில் சுப்ராயன் பெயருக்கு மூணு தரமும் விழுந்தது. மீனைப் போல மனையும் விற்றுவிட்டதென்று நம்பினார் மனுஷன்.

எல்லைக்கல் நடக் கொண்டுவந்திருந்த கடப்பாரையால் ராஜவேல் அவர் தாடையில் அடித்தான். பல்லும் ரத்தமும் மண்ணில் விழுந்தன. விழுந்தவர் அவன் காலை வாரிக் கீழே தள்ளி, அவன் தலையைக் கல்லில் மோதினார். ராஜவேலின் ஆட்கள் இருவர் அவர் முகத்தில் ஏறி மிதித்தார்கள். குப்பம்மாள் அவர்களில் ஒருவன் காதைக் கடித்துப் பிய்த்தாள். புதுச்சேரிக் கார் பறந்துவிட்டது. சுப்ராயனும் டிரைவரும்தான் விலக்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த எஸ்.ஐ.யிடம் தலையில் கட்டோடு ராஜவேல் சொன்னான்: “நான் கவர்மெண்ட்ல பதிவு பண்ண ஏஜென்ட் சார். இவன் பதிவில்லாம நெலம் விக்கிறான்.”

பதிவு நிஜம்தான், நம்பர்கூட இருந்தது. காதில் ஓதுகிறவனுக்கும் நம்பர் கொடுக்கிறார்கள்.

எஸ்.ஐ. குப்பம்மாளைக் கேட்டார்: “இவர் கமிஷன் எவ்ளோ வாங்குனாரு?”

“ஒரு டீ கூட வாங்கலீங்க.”

“அப்போ இவர் ஏஜென்டே இல்ல.” அடிதடிக்கு மட்டும் இருவர் மேலும் வழக்கு எழுதினார்.

சுப்ராயன் சொன்ன விலைக்கே பத்திரம் பதிந்தார். மோகனுக்குப் படகும் வந்தது, இன்ஜினும் வந்தது. காசிலிங்கத்தின் தாடைதான் சேரவில்லை. பேச்சு குழறியது. கூவ முடியாதவருக்கு ஏலம் எதற்கென்று பஞ்சாயத்து வேறு ஆளை வைத்தது. அந்தக் கூட்டத்தில் நானும் வாய் திறக்கவில்லை.

குப்பம்மாள் ஐம்பதாயிரம் கொண்டுவந்தாள். “கமிஷன் இல்லண்ணா. ஆபரேஷன் பண்ணிக்கோ.”

அவர் அந்தப் பணத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கண் கலங்கியது. வாங்கினால் ராஜவேல் சொன்னது உண்மையாகிவிடும் என்று பயந்தார். அவள் கையைத் தள்ளிவிட்டார்.

இப்போது சுப்ராயன் உப்பளத்தில் மூட்டை தூக்குகிறார்.