தக்கலையில் நிறுத்திய கார்

தொழிலுக்காக மட்டுமே முழுவதுமாகச் செய்த செலவை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்; வண்டி வீட்டுக்கும் ஓடினால், தொழிலுக்கு ஓடிய பங்கை மட்டும். வருமான வரிச் சட்டம், பிரிவுகள் முப்பத்தேழு, முப்பத்தெட்டு. எனக்கு மனப்பாடம். அதைத்தான் மீறினேன். அந்த மீறலுக்காக என் மனைவி கையிலிருந்து இரண்டு தாலி முடிச்சுகளையும் பறித்தேன்!

தணிக்கை அலுவலகத்தில் பிறருடைய பயணப்படியில் கிலோமீட்டர் வெட்டியே நரைத்தவன் நான். 'குறுக்கு வழி இருக்க, ஏன் சுற்றிப் போனீர்?' என்று சிவப்பு மையில் கேட்டவன். ஓய்வுக்குப் பின் நாகர்கோவிலில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதும் சொந்தத் தொழில். கார் வாங்கினேன். அந்த உற்சாகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! மேசைக்கு மறுபக்கம் வந்துவிட்டேன்... இனி கிலோமீட்டர் என்னுடையது!

எங்கே போனாலும் வழியில் ஒரு வாடிக்கையாளர் கடையில் இறங்கி ஒரு கையெழுத்து வாங்குவேன். உடனே அது தொழில் பயணம். அஞ்சுகிராமத்தில் கொழுந்தியாள் வீட்டு விருந்தா? வழியில் உரக்கடை! கடற்கரை, கோவில், துக்க வீடு... எல்லாம் தொழில்! பேராசையா? இல்லை, பணம் அற்பம். ஜெயிக்கிற சுகம்... அதை விட முடியவில்லை.

பிறகு குழித்துறையில் என் மனைவியின் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். பையனுக்கு உடன்பிறந்தவள் இல்லை. அவன் முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் போட வேண்டியவள் அத்தையான என் மனைவி. காரில் ஏறியது முதல் முந்தானை நுனியில் முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அறுபது வயதில் அப்படி ஒரு பூரிப்பு!

தக்கலையில் வாடிக்கையாளர் ஒருவரின் பேக்கரி முன் நிறுத்தினேன்.

"இஞ்சேருங்க, முகூர்த்தம் தப்பீரும்."

"அவருக்கு வரிக் கணக்கு குடுக்க இன்னைக்குக் கடைசி நாளு. ஒரு நிமிசம்."

பொய்! கடைசி நாளுக்கு மாதங்கள் கிடந்தன.

கடைக்காரர் வங்கிக்குப் போயிருந்தார். நான் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. கையெழுத்தில்லாத கிலோமீட்டரை என் சிவப்பு மை விடுமா? நின்றேன்... நின்றுகொண்டே இருந்தேன்.

வந்தவர் சிரித்தார். "என்ன சாரே, பட்டு வேட்டியும் கெட்டிக்கிட்டா கணக்குப் பாக்க வந்திய? கல்யாணம் ஒமக்கா?"

மண்டபத்தில் நுழைந்தபோது கெட்டிமேளம் ஓய்ந்திருந்தது. முடிச்சுகளை யாரோ ஒரு சித்தி போட்டு முடித்திருந்தாள்.

"எங்கட்டி போய்க் கெடந்த?" என்று அண்ணன் பாய்ந்தார்.

என் மனைவி தலை நிமிர்ந்து சொன்னாள்: "கோவப்படாத அண்ணே. ஒரு ஆளுக்க கடைசி நாளாக்கும். இவிய கண்டுக்கிடாம வந்திருந்தா அந்த ஆளு அபராதம் கட்டணும்."

சொல்லிவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தாள்... அந்தப் பார்வை! முந்தானை நுனியில் கடைசியாகப் போட்ட முடிச்சு அவிழ்க்கப்படாமலே இருந்தது.

அந்தப் பயணத்தையும் செலவில் ஏற்றினேன். மிச்சமான வரி நாலைந்து பேர் சாயாவும் பழம்பொரியும் சாப்பிடக் காணும்.

பின்னொரு நாள் பொறுக்க முடியாமல் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்தேன். கூடுதல் வரியைக் கட்டினேன். கேட்காத விளக்கத்தையும் துறைக்கு எழுதினேன். பதிலுக்காகத் துடித்தேன்! வேடிக்கையைப் பாருங்கள்... விளக்கம் பெற வேண்டியவள் அடுக்களையில் இருந்தாள், நான் அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன்! அவளிடம் ஏன் சொல்லவில்லை? அந்தப் பெருமையை இழக்க எனக்குப் பயமா? இதற்கு எந்தப் பிரிவு?

பதில் வந்தபோது குழித்துறையில் அந்த அண்ணன் வீட்டில் இருந்தோம். அந்தத் தம்பதியின் குழந்தைக்கு முதன்முதலாகச் சோறூட்டும் நாள். மனைவி, பெண் வீட்டு உறவுக்காரி ஒருத்தியிடம் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "முடிச்சு போனாப் போட்டும் மக்கா, இவிய ஒரு மனுசனக் காப்பாத்தினாவ..."

கைப்பேசி அதிர்ந்தது. கணக்கு ஏற்கப்பட்டதாம், மேல் நடவடிக்கை எதுவும் இல்லையாம்.

"யாரு?" என்றாள்.

"வரி ஆபீசு."

"என்னவாம்?"

"எல்லாம் சரியாம்."

"பாத்தியா!" என்று உறவுக்காரியிடம் திரும்பிச் சிரித்தாள்.

அன்று ஆவணி முதல் ஞாயிறு. வரி ஆபீசில் ஆளே இல்லாத நாள்.